பல மலை ஸ்கீ பாஸ் வாங்கலாமா? டென்வரிலிருந்து ஒரு கணக்கு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வர் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மார்ச் பிறந்ததும் ஒரு செய்தி சுற்ற ஆரம்பிக்கும். அடுத்த குளிர்காலத்துக்கான ஸ்கீ (பனிச்சறுக்கு) பாஸை இப்போதே வாங்கிவிடுங்கள், தள்ளிப்போட்டால் விலை ஏறிவிடும் என்று. இந்தக் குளிர்காலமே இன்னும் முடிந்திருக்காது. 2024-25 சீசனுக்கு அப்படி ஒரு செய்தியைப் பார்த்துத்தான் எனக்கொன்றும் மகளுக்கொன்றும் வாங்கினேன். கணவருக்கு இடுப்பில் பழைய கோளாறு, "என்னை விட்டுடுங்க" என்று முதலிலேயே கழன்றுகொண்டார். ஏப்ரலில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது பாஸ், வாடகை, வகுப்பு, டயர், ஆஸ்பத்திரி என்று நாலாயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. சறுக்கிய நாட்களோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நான் வாங்கியது எந்த நிறுவனத்தின் பாஸ் என்று சொல்லப்போவதில்லை. எதை வாங்கியிருந்தாலும் எனக்கு ஏறக்குறைய இதேதான் நடந்திருக்கும். ஆனால் வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று இப்போது ஓரளவு தெரியும், அதைச் சொல்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக முதலில் இது என்ன சமாச்சாரம் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை பணம் கட்டிவிட்டு, குளிர்காலம் முழுக்க மலையின் லிஃப்டுகளில் ஏறிச் சறுக்குவதற்கான அனுமதிதான் பாஸ். முன்பெல்லாம் ஒரு மலைக்கு ஒரு சீசன் பாஸ். 2008-ல் வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம் எபிக் பாஸை 579 டாலருக்குக் கொண்டுவந்தது, அதன் கையில் இருந்த எல்லா மலைகளுக்கும் சேர்த்து ஒரே பாஸ். பத்து வருஷம் கழித்து, 2018-ல், ஆல்டெரா என்ற இன்னொரு நிறுவனம் ஐகான் பாஸோடு போட்டிக்கு வந்தது. கொலராடோவில் வெய்ல், பீவர் கிரீக், பிரெக்கன்ரிட்ஜ், கீஸ்டோன், கிரெஸ்டட் பியூட் எல்லாம் எபிக் பக்கம். வின்டர் பார்க், காப்பர், ஸ்டீம்போட், எல்டோரா, அரபஹோ பேசின், ஆஸ்பென் எல்லாம் ஐகான் பக்கம். லவ்லேண்ட் இந்த இரண்டிலும் சேராமல் தனியாக நிற்கிறது. 2019-ல் சின்ன மலைகளுக்காக இண்டி பாஸ் வந்தது, அதில் மலைக்கு இரண்டு நாள். நான் வாங்கிய சீசனில் முழு எபிக் 982 டாலரிலும் முழு ஐகான் 1,249 டாலரிலும் ஆரம்பித்தன. அடுத்த சீசனில் 1,051, 1,329. இரண்டிலும் விலை குறைந்த வகை உண்டு. அதில் சில நாட்கள் போக முடியாது, சில மலைகளுக்கு இத்தனை நாள்தான் என்று வரம்பு இருக்கும். இவை ஆரம்ப விலைகள்தான். கோடை, இலையுதிர் காலம் என்று போகப் போக ஏறும், டிசம்பர் வாக்கில் விற்பனையே நின்றுவிடும்.

எங்கள் டீமில் இருக்கும் ஒரு அண்ணா பல வருஷமாக ஸ்கீ போகிறவர். அவர் சொன்ன கணக்கு இது: "கவுன்டர்ல ஒரு நாள் டிக்கெட் எவ்வளவு தெரியுமா? பெரிய மலையில 300 டாலரைத் தாண்டிடுச்சு. நாலஞ்சு நாள் போனா பாஸ் காசு வந்துடும்மா. அதுக்கப்புறம் எல்லாமே ஃப்ரீ." கேட்கும்போது இதில் ஓட்டையே தெரியாது. உச்ச சீசனில் வெய்ல் மாதிரி மலைகளில் கவுன்டர் விலை 300-க்கு மேல் போவதும் உண்மைதான். ஆனால் அந்த விலையில் டிக்கெட் வாங்குகிற ஆளா நான்? 300 டாலர் கொடுத்துத்தான் போக வேண்டும் என்றால் நான் போயே இருக்க மாட்டேன். ஒரு டிக்கெட்கூட வாங்கியிராத விலையை வைத்து லாபக் கணக்குப் போட்டால் எந்தப் பாஸும் லாபமாகத்தான் தெரியும்.

கவுன்டர் விலை அவ்வளவு உயரத்தில் இருப்பதற்கும் பாஸ் விற்பனைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பனி எப்போது, எவ்வளவு விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பனி விழும் முன்பே பணத்தை வாங்கிவிடுவது நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. நாள் டிக்கெட்டை ஏற்றி வைத்தால் ஜனங்கள் முன்கூட்டியே பாஸ் வாங்குவார்கள். பனி குறைந்தால் நஷ்டம் பாஸ் வைத்திருப்பவருக்கு. வியாபாரமாகப் பார்த்தால் புத்திசாலித்தனம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் ஒப்பிட வேண்டிய விலை வேறு. பாஸ் இல்லாவிட்டால் உண்மையில் என்ன செய்திருப்போம்? லவ்லேண்ட் இலையுதிர் காலத்தில் நாலு டிக்கெட்டைக் கட்டாகச் சேர்த்துச் சலுகை விலையில் விற்கும். எபிக்கிலேயே ஒரு நாள் முதல் ஏழு நாள் வரை எண்ணி வாங்கும் பாஸ் இருக்கிறது, ஐகானில் இரண்டு முதல் நாலு நாள் வரை. இப்படி முன்னதாகவே வாங்கினால் ஒரு நாளுக்குச் சராசரியாக 120 டாலர் ஆகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1,249 டாலர் பாஸுக்கு அப்போது பத்து நாளைத் தாண்டிச் சறுக்கினால்தான் காசு திரும்பும். 982 டாலர் பாஸுக்கு எட்டு நாளுக்கு மேல். அண்ணா சொன்ன நாலஞ்சு நாள் இரண்டு மடங்காகிவிடுகிறது.

சரி, பத்து நாள் என்ன பெரிய விஷயம், குளிர்காலம் ஆறு மாதம் இருக்கிறதே என்றுதான் தோன்றும். காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு வார இறுதிகளை அடித்துப் பாருங்கள். நவம்பரில் மலை திறந்துவிடும், ஆனால் திறந்திருப்பது இயந்திரப் பனியில் போட்ட ஒன்றிரண்டு பாதைகள். ஊரே அதில் இறங்கும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது நரகம். தேங்க்ஸ்கிவிங்குக்கு யாராவது வருவார்கள், அல்லது நாம் போவோம். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் உள்ள வாரம், ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் வார இறுதி, பிப்ரவரியில் பிரசிடென்ட்ஸ் டே வார இறுதி, இவைதான் விலை குறைந்த பாஸ்களில் அடைக்கப்பட்டிருக்கும் நாட்கள். பிளாக்அவுட் என்பார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை எப்போதோ, அப்போது பாஸுக்கும் விடுமுறை. மிச்சமிருக்கும் வாரங்களில் ஞாயிறு தமிழ்ப் பள்ளி, பிறந்தநாள் விழாக்கள், எனக்கு ஆன்கால் வாரம், மகளுக்குச் சளிக் காய்ச்சல். பனிப்புயலில் நெடுஞ்சாலையை மூடும் நாட்களும் உண்டு. என் காலண்டரில் கடைசியில் மிஞ்சிய சனிக்கிழமைகளைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. இந்தக் கணக்கை மார்ச்சில் பணம் கட்டும் முன் செய்ய அரை மணி நேரம்கூட ஆகாது.

அடுத்தது சாலை. டென்வரிலிருந்து மலைக்குப் போக ஐ-70 நெடுஞ்சாலை ஒன்றுதான் பிரதான வழி. வரைபடத்தில் எழுபது, எழுபத்தைந்து மைல், ஒன்றரை மணி நேரம் என்று காட்டும். சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பிப் பாருங்கள். ஃபிளாய்ட் ஹில் இறக்கத்திலேயே சிவப்பு விளக்குகள் வரிசை கட்டி நிற்கும். அங்கே 2023-லிருந்து சாலை விரிவாக்க வேலை வேறு. ஐடஹோ ஸ்பிரிங்ஸ், ஜார்ஜ்டவுன், சில்வர் புளூம் என்று ஒவ்வொரு ஊராக ஊர்ந்து, பதினோராயிரம் அடிக்கு மேல் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கச்சாலைக்குள் நுழையும்போது மணி ஒன்பதரை. பின் சீட்டில் மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். பார்க்கிங் நிரம்பிவிட்டது என்று தொலைவில் ஒரு இடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றினார்கள். பூட்ஸ் மாட்டி, ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு முதல் லிஃப்டில் உட்காரும்போது பதினொன்றரை. மூன்று மணிக்குமேல் இறங்கினால் திரும்பும் நெரிசலில் மாட்டுவோம் என்று இரண்டரைக்கே கிளம்பினோம். எல்லாரும் அதையே நினைத்துக் கிளம்பியிருந்தார்கள். அன்று காரில் இருந்த நேரம், சறுக்கிய நேரத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது, காரணம் என்று ஒன்றைச் சுட்டிச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் போகலாம் என்று வைத்திருந்த திட்டத்தைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை.

இந்தச் சாலைக்கென்று ஒரு சட்டமும் இருக்கிறது, எங்கள் குழுவில் பலருக்கு அது தெரியாது. செப்டம்பர் 1 முதல் மே 31 வரை, மாரிசனிலிருந்து டோட்செரோ வரை ஐ-70-ல் போகும் கார்களுக்கு டயர் பள்ளம் குறைந்தது பதினாறில் மூன்று அங்குலம் ஆழம் இருக்க வேண்டும். இரு சக்கர இழுவை வண்டியாக இருந்தால் பனிக்கு ஏற்றதென்று முத்திரையிட்ட டயர் வேண்டும், இல்லையென்றால் சங்கிலியோ அதற்கு மாற்றோ வண்டியில் இருக்க வேண்டும். மீறினால் அபராதம், வண்டி சறுக்கி வழியை அடைத்தால் இன்னும் பெரிய அபராதம். என்னுடையது சாதாரண செடான். நாலு டயருக்கு எழுநூறு டாலர் போனது. பாஸ் விலையோடு இதையும் சேர்த்து யாரும் சொல்வதில்லை.

என் திறமையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல மலை பாஸ் என்ற யோசனையே அங்கேதான் அடிபடுகிறது. விளம்பரத்தில் ஜப்பான் முதல் ஆல்ப்ஸ் வரை வரிசையாக மலைகள். எனக்கு வேண்டியிருந்ததோ புதியவர்களை மெதுவாக மேலே ஏற்றிவிடும் ஒரு நகரும் பாயும், ஆரம்பநிலைக்காரர்களுக்கென்று சாய்வு குறைவாக இருக்கும் ஒரு பச்சைப் பாதையும், விழுந்தால் சிரிக்காத ஒரு பயிற்சியாளரும்தான். முப்பத்தெட்டு வயதில் ஆரம்பிக்கும் ஆளுக்கு வெய்லின் பின்பக்கத்தில் கிண்ணம் மாதிரி இறங்கும் பெரிய சரிவுகள் எதற்கு? அங்கே இறங்கும் தகுதி வர எனக்கு எத்தனை வருஷம் ஆகுமோ. ஆரம்ப நிலையில் மலை மாறிக்கொண்டே இருப்பது நல்லதும் இல்லை. ஒவ்வொரு முறையும் வாடகைக் கடை எங்கே, கழிப்பறை எங்கே, எந்த லிஃப்டில் ஏறினால் பச்சைப் பாதையில் பத்திரமாக இறங்கலாம் என்று முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். ஒரே மலையில் திரும்பத் திரும்பப் போகும்போதுதான் கால் பழகும். கீஸ்டோனில் ஸ்கூல்மார்ம் என்று மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை வரும் நீளமான பச்சைப் பாதை இருக்கிறது. அதை நிற்காமல் இறங்க வந்துவிட்டால் போதும் என்பதுதான் அந்த வருஷம் முழுக்க என் லட்சியம். அதற்கு நாற்பது மலை தேவையில்லை.

அதைவிட எரிச்சலான ஒன்று. முதன்முதலாகக் கற்றுக்கொள்பவர்களுக்குப் பல மலைகளில் வகுப்பு, வாடகை, லிஃப்ட் மூன்றையும் சேர்த்து ஒரே கட்டணமாக விற்கிறார்கள். லிஃப்ட் அதிலேயே அடங்கிவிடுவதால் அந்த நாட்களில் பாஸுக்கு வேலையே இல்லை. பாஸ் வைத்திருப்பவர் வகுப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டும். பெரியவர்களுக்கான குழு வகுப்பு ஒரு நாளைக்கு 200 டாலருக்கு மேல் போவது அங்கே சாதாரணம். ஆக, முதல் வருஷம் ஸ்கீ பழகுகிறவர் பாஸ் வாங்கவே வேண்டாம் என்பது என் முடிவு. அந்த ஒரு வருஷம் சின்ன மலையில், தொகுப்புக் கட்டணத்தில், இது நமக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஐடஹோ ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் எக்கோ மவுன்டன் என்று ஒன்று இருக்கிறது, சுரங்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை, இரவிலும் சறுக்கலாம். போல்டர் பக்கம் இருப்பவர்களுக்கு எல்டோராவுக்கு நகரப் பேருந்தே போகிறது. இரண்டுக்கும் பெரிய பெயர் கிடையாது, ஆனால் ஐ-70 நெரிசலின் பெரும்பகுதி மிச்சம்.

வாடகையைப் பற்றி ஒரு வரி: மலையில் தினசரி வாடகை எடுக்காதீர்கள். டென்வர் கடைகளில் பிள்ளைகளுக்கு சீசன் முழுக்க ஸ்கீயும் பூட்ஸும் சேர்த்து வாடகைக்குத் தருகிறார்கள், சில நாள் தினசரி வாடகைக்கு ஆகிற தொகைதான். சாப்பாடு கட்டாயம் வீட்டிலிருந்து. மலையில் ஒரு பர்கரும் குடிக்க ஒன்றும் வாங்கினால் முப்பது டாலர். பல இடங்களில் சொந்தச் சாப்பாடு சாப்பிட மேஜைகள் போட்டிருக்கிறார்கள். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் பத்தாயிரம் அடியில் தேவாமிர்தம். தயிர் சாதம் மட்டும் வேண்டாம், காரில் வைத்தது மதியம் பார்த்தால் அரைகுறையாக உறைந்து கிடந்தது.

ஜனவரி நடுவில் விழுந்தேன். வேகமாக ஒன்றும் போகவில்லை, சாய்வே இல்லாத இடம், பின்னால் வந்த ஒரு பையனுக்கு ஒதுங்கப்போய் ஒரு ஸ்கீ ஒரு பக்கமும் உடம்பு இன்னொரு பக்கமும் திரும்பியது. மலைக் காவலர்கள் (ஸ்கீ பேட்ரோல்) வந்து ஸ்லெட்டில் படுக்கவைத்துக் கீழே இழுத்துப் போனார்கள். அதற்குப் பணம் வாங்கவில்லை, மிகவும் அன்பாக நடந்துகொண்டார்கள். மகள் பக்கத்திலேயே பயிற்சியாளர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். முழங்காலின் உள்பக்கத் தசைநார் பாதி கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம், பட்டை போட்டு ஆறேழு வாரம், பிறகு பிசியோதெரபி. என் இடது கால் என்பதால் அன்று எப்படியோ நானே கார் ஓட்டிக்கொண்டு வந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தை மறக்கவே முடியாது. ஜனவரி என்பதால் காப்பீட்டில் டிடக்டிபிள், அதாவது காப்பீடு கொடுக்க ஆரம்பிக்கும் முன் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, புதிதாகப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்திருந்தது. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, எலும்பு டாக்டர் எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து ஆயிரத்து நானூறு டாலர் போனது. ஸ்கீ போகிற உத்தேசம் இருந்தால், இலையுதிர் காலத்தில் ஆபீஸில் காப்பீடு தேர்ந்தெடுக்கும்போதே டிடக்டிபிள் எவ்வளவு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டால் பாஸ் பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்று வாங்கும்போது படித்த ஞாபகம். கிடைக்கும், ஆனால் அந்த விதிகளை அடிபட்டபின் வலி மாத்திரை போட்டுக்கொண்டு படிக்கக் கூடாது. சில பாஸ்களில் இந்தப் பாதுகாப்பு இலவசமாகச் சேர்ந்தே வரும், சிலவற்றில் தனிக் காப்பீடாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பெரும்பாலும் பயன்படுத்திய நாட்களைக் கழித்துத்தான் தருவார்கள். குறிப்பிட்ட நாட்களுக்குமேல் போயிருந்தால் ஒன்றும் கிடைக்காது. விண்ணப்பிக்கக் கெடு உண்டு. டாக்டர் கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஸ்கீ போகக் கூடாது என்று தெளிவாக இருக்க வேண்டும். என் டாக்டர் முதலில் "ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார், அது திருப்பி அனுப்பப்பட்டது. மறுபடி கிளினிக்குக்குப் போன் செய்து, காத்திருந்து, வேறு கடிதம் வாங்கி அனுப்பி, மார்ச் கடைசியில்தான் பணம் வந்தது, கட்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மகளுக்கு அதுவும் கிடையாது. அவளுக்குத்தான் அடிபடவில்லையே! அம்மா நொண்டினால் எட்டு வயசுப் பிள்ளை தனியாக மலைக்குப் போகுமா என்று கேட்க எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. டாக்டரிடம் போகும் முதல் நாளே, கடிதத்தில் "பனிச்சறுக்கு கூடாது" என்ற சொல்லும் இரண்டு தேதிகளும் வேண்டும் என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

மலை பாதி திறந்திருந்தாலும் அது திறந்த மலைதான் என்பதையும் நினைவில் வையுங்கள். அதே சீசனில் யூட்டாவில் எபிக் பக்கம் இருக்கும் பார்க் சிட்டியில் மலைக் காவலர்கள் டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். உச்ச விடுமுறைக் காலம், திறந்திருந்ததோ கொஞ்சம் பகுதிதான், வரிசைகள் நீண்டுகொண்டே போயின. அந்த நாட்களில் போனவர்களுக்கு அடுத்த சீசன் பாஸில் 50 சதவீதம் வரை கழிவு தருவதாகப் பிறகு அறிவித்தார்கள். கையில் பணமாக அல்ல, அடுத்த பாஸில் கழிவாக. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லா மலைகளையும் மூடியபோதும் எபிக்காரர்களுக்குக் கிடைத்தது அதுதான்.

மகளுடைய பாஸைப் பற்றி நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. கொலராடோவில் பாலர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு எபிக் ஸ்கூல்கிட்ஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது. வெய்ல், பீவர் கிரீக், பிரெக்கன்ரிட்ஜ், கீஸ்டோன் ஒவ்வொன்றிலும் நாலு நாள் இலவசம். எபிக்கில் சேராத மலைகளுக்கு கொலராடோ ஸ்கீ கன்ட்ரி அமைப்பு மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குச் சொற்பக் கட்டணத்தில் ஒரு பாஸ்போர்ட் தருகிறது. பிள்ளைகளுக்குப் பாஸ் வாங்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். பதிவு செய்ய பள்ளிச் சான்று கேட்பார்கள், ஸ்கூல்கிட்ஸ் பதிவுக் கெடு பனி விழுவதற்கு முன்பே முடிந்துவிடும். இதை எனக்குச் சொன்னது பள்ளி வாசலில் நின்றிருந்த இன்னொரு அம்மா, பிப்ரவரியில், நான் ஊன்றுகோலோடு நிற்கும்போது.

பாஸ் வீணாகிறதே என்று புலம்பினால் நம் ஆட்கள் உடனே ஒரு வழி சொல்வார்கள்: "என்கிட்ட கொடுங்க அக்கா, நான் போயிட்டு வரேன்." கொடுக்காதீர்கள். ஸ்கேன் செய்யும்போது நம் படம் அவர்கள் கருவியில் தெரியும். பிடிபட்டால் பாஸ் ரத்து, போலீஸ் வரைக்கும் போகலாம். விசாவில் இருப்பவர்களுக்கு இந்த வம்பே வேண்டாம். அதற்குப் பதில் முறையான வழி இருக்கிறது. பெரிய பாஸ்களில் நண்பர்களுக்கான தள்ளுபடி டிக்கெட்டுகள் சேர்ந்து வரும். ஒரு குழுவில் தீவிரமாகப் போகிற ஒருவர் பாஸ் வாங்கினால், எப்போதாவது போகிறவர்கள் அவருடைய தள்ளுபடியில் டிக்கெட் எடுக்கலாம். நாங்கள் ஏழெட்டுக் குடும்பம் ஆளுக்கொரு பாஸ் வாங்கி வைத்திருந்தோம், அந்தத் தள்ளுபடிகளை எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் எல்லாம் காலாவதியாயின.

அப்படியானால் இந்தப் பாஸ் யாருக்குத்தான் என்று கேட்டால், நிறைய பேருக்கு இது உண்மையிலேயே மலிவுதான். எங்கள் டீம் அண்ணா வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போகிறவர், ஐந்து மணிக்குக் கிளம்பி மதியம் ஒரு மணிக்கு வீட்டில் இருப்பார். நடுத்தரமான நீலப் பாதை, கடினமான கறுப்புப் பாதை எல்லாம் அவருக்கு ஒன்றுதான். மார்ச்சில் ஒரு வாரம் யூட்டா போவார். அவருக்கு ஒரு நாளைக்கு நாற்பது டாலர்கூட ஆகாது. வார நாட்களில் நேரம் இருப்பவர்கள், மலைப்பக்கம் குடியிருப்பவர்கள், வருஷத்தில் ஒரு பெரிய ஸ்கீ பயணம் எப்படியும் போகிறவர்கள் எல்லாம் தாராளமாக வாங்கலாம். நான் சொல்வதெல்லாம் நடுத்தட்டில் இருக்கும் நமக்கு: வேலை, பிள்ளை, ஒரே கார், பச்சைப் பாதை. வாங்கித்தான் ஆவேன் என்றால், முதல் முறை ஸ்கேன் செய்யும் முன் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போட வசதி உண்டா, அதற்குக் கடைசித் தேதி என்ன, தானாகப் புதுப்பிக்கும் வசதி ஆனில் இருக்கிறதா என்ற மூன்றையும் பணம் கட்டும் பக்கத்திலேயே பாருங்கள். மூன்றாவதை நான் கவனிக்காமல் விட்டு, ஏப்ரலில் கார்டில் முன்பணம் போனபிறகு ஓடிப்போய் நிறுத்தினேன்.

முழங்கால் இப்போது பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் சொல்லிக் காட்டும். இந்த முறை மகளுக்கு ஸ்கூல்கிட்ஸ் பதிவு செய்தாயிற்று. எனக்கு இலையுதிர் காலத்தில் ஒரு நாலு டிக்கெட் கட்டு. அதில் மிஞ்சினால் யாருக்கும் கொடுக்கலாம் என்பதால் கணவரின் தம்பி ஏற்கெனவே ஒன்றுக்குத் துண்டு போட்டு வைத்திருக்கிறார். காரை எடுப்பதில்லை. மாநிலப் போக்குவரத்துத் துறையின் ஸ்னோஸ்டாங் பேருந்து குளிர்கால வார இறுதிகளில் டென்வர் யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஸ்கீ மலைகளுக்குப் போகிறது, போக வர 25 டாலர் அளவில். நெரிசல் அதற்கும் அதே நெரிசல்தான், ஆனால் நாம் ஓட்ட வேண்டியதில்லை, தூங்கலாம். சனிக்கிழமை இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், வியாழக்கிழமைக்குள் பதிவு செய்துவிடுவது நல்லது. வின்டர் பார்க் போகிறவர்களுக்கு யூனியன் ஸ்டேஷனிலிருந்து ரயிலே இருக்கிறது, லிஃப்டுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். மகளுக்கு ரயிலில் வாந்தி வருவதில்லை என்பதால் அடுத்த தடவை அதில்தான்.